கையில் சிக்கிய கடதாசியிலிருந்து படம் வரை: கொழும்பில் கொலாஜ் செய்பவர்களுக்கு ஒரு முழுமையான வழிகாட்டி

கடதாசித் துண்டுகளை வெட்டி ஒட்டிப் படமாக்கும் கொலாஜ் பழக வருகிறவர்களில் பெரும்பாலானோர் ஒரே இடத்தில்தான் தடக்குப்படுகிறார்கள். வெட்டத் தெரியும், ஒட்டத் தெரியும், மேசை நிறையப் பழைய சஞ்சிகைகளும் இருக்கும். ஆனால் எதைப் பற்றிச் செய்வது என்று யோசிப்பதிலேயே மாலை முழுவதும் கழிந்துவிடும். கடைசியில் போனை எடுத்து, மற்றவர்கள் செய்ததைப் பார்த்து, அதுபோல ஒன்றைச் செய்துவிட்டு மனம் ஒட்டாமல் எழுந்து போவார்கள்.

வெள்ளவத்தையில் ஒரு சிறிய அறையில் சனிக்கிழமைகளில் இதைச் சொல்லிக் கொடுத்து வருகிறேன். நான் பார்த்த அளவில் இவர்களுக்குக் கற்பனை குறைவில்லை, வேலையின் ஒழுங்குதான் தலைகீழாகக் கிடக்கிறது. முதலில் தலைப்பைத் தேடுகிறார்கள், பிறகு அதற்குப் பொருத்தமான படங்களைத் தேடுகிறார்கள். கடதாசியில்தான் தொடங்க வேண்டும். அந்தக் கடதாசி ஒரு கேள்வியைக் கிளப்ப வேண்டும், கேள்வி உங்களை வீட்டுக்கு வெளியே கூட்டிப் போக வேண்டும். போய் வந்த பிறகுதான் படம். கீழே வரும் படிகள் இந்த ஒழுங்கிலேயே இருக்கின்றன. ஒன்றைத் தாண்டி அடுத்ததற்குப் போகாதீர்கள்.

1. தொடங்குமுன் கையில் இருக்க வேண்டியவை

கோடு போடாத சிறிய கொப்பி ஒன்று, பென்சில் ஒன்று. பேனை வேண்டாம். துண்டுகளின் பின்பக்கத்தில் குறிப்பு எழுதப் போகிறீர்கள். பசையின் ஈரம் பட்டால் பேனை மை ஊறி முன்பக்கம் வந்துவிடும், பென்சில் எழுத்து வராது.

பெரிய கடித உறைகள் பத்துப் பன்னிரண்டு வாங்குங்கள். பலர் ஒரு பெட்டியில் எல்லாவற்றையும் போட்டு வைக்கிறார்கள். பெட்டியில் போட்டது அடியில் புதைந்துவிடும், எது எங்கே கிடைத்தது என்பதும் மறந்துவிடும். உறை என்றால் மேலே திகதியையும் இடத்தையும் எழுதலாம். ஒரு நடைக்கு ஓர் உறை.

வெட்டுவதற்குச் சிறிய கூர்முனைக் கத்தரிக்கோல், நுனியை முறித்து முறித்துப் பாவிக்கும் கட்டர், இரும்பு அடிமட்டம். பிளாஸ்டிக் அடிமட்டத்தில் கட்டரை ஓட்டினால் அதன் விளிம்பையே சீவிவிடும். அதற்குப் பிறகு ஒரு கோடும் நேராக வராது.

ஒட்டுவதற்கு பைண்டர் கம் என்ற வெள்ளைப் பசை, தட்டையான தூரிகை, கேக் தட்டில் போடும் ஒயில் பேப்பர், பாரம் வைக்கத் தடித்த புத்தகங்கள். அடித்தளத்துக்கு 2 மில்லிமீற்றர் தடிப்புள்ள மட்டை, அல்லது சதுர மீற்றருக்கு 300 கிராம் எடையுள்ள வாட்டர்கலர் தாள். பிரிஸ்டல் போர்ட் எல்லாக் கடைகளிலும் கிடைக்கும் என்பதால் புதியவர்கள் அதைத்தான் வாங்குகிறார்கள். ஓரிரு துண்டு ஒட்டும்வரை தாங்கும், நாலாவது துண்டில் வளையத் தொடங்கும்.

இவை எல்லாம் புறக்கோட்டை மலிபன் வீதியிலும் அதைச் சுற்றியுள்ள கடதாசிக் கடைகளிலும் கிடைக்கும். ஞாயிற்றுக்கிழமையும் போயா தினமும் பல கடைகள் பூட்டியிருக்கும். வெள்ளிக்கிழமை நண்பகலில் ஜும்ஆத் தொழுகைக்காகச் சில கடைகளை அடைப்பார்கள். வார நாளில் காலையிலேயே போய்விடுவது நல்லது.

2. ஒரு வாரம், ஓர் உறை

முதல் வாரம் எதையும் விலைக்கு வாங்காதீர்கள். உங்கள் அன்றாட வாழ்க்கையில் தானாக உங்கள் கைக்கு வரும் கடதாசியை மட்டும் சேருங்கள். ஓர் உறை நிறைந்ததும் நிறுத்துங்கள்.

சஞ்சிகைகளிலிருந்து வெட்டினால், வேறொருவர் ஏற்கெனவே தெரிவுசெய்து, ஒளியமைத்து, அழகாக்கிய படம்தான் உங்களுக்குக் கிடைக்கும். அதோடு என்ன செய்தாலும் அந்தச் சஞ்சிகையின் வாடை போகாது. கைக்குத் தானாக வந்த கடதாசியில் உங்கள் வாழ்க்கை ஏற்கெனவே பதிந்திருக்கும். ஜேர்மன் கொலாஜ் கலைஞர் ஹன்னா ஹோக் 1916 முதல் 1926 வரை பேர்லினில் உல்ஸ்டைன் பதிப்பகத்தில் கைவேலை வடிவங்கள் வரைந்துகொண்டிருந்தார். அந்த நிறுவனத்தின் சஞ்சிகைகளும் தையல் வடிவத் தாள்களும் அவருடைய கொலாஜ்களுக்குள் வந்தன. கிடைப்பதற்கரிய பொருளைத் தேடி அவர் எங்கும் அலையவில்லை, வேலை மேசையில் கிடந்ததை எடுத்தார். நீங்கள் கணக்காளர் என்றால் லெட்ஜர் தாள் இருக்கிறது. மருந்தகத்தில் வேலை என்றால் மருந்துப் பெட்டிக்குள் மடித்து வைத்திருக்கும் மெல்லிய விளக்கத் தாள் இருக்கிறது, அதன் எழுத்து நெருக்கத்தைப் போல ஒரு சாம்பல் நிறம் வேறெதிலும் கிடைக்காது.

கொழும்பில் இருப்பவருக்கு ஒரு வாரத்தில் வந்து சேரக்கூடியவை: இழுப்பு முடிந்து நடைபாதையில் கிடக்கும் லொத்தர் சீட்டு, பஸ் டிக்கெட், கச்சான் போட்டுத் தரும் கூம்புச் சரை, குளிசை போட்டுத் தரும் சின்ன உறை, சுவரிலிருந்து கிழிக்கும் நாட்காட்டித் தாள், தேயிலைப் பெட்டியின் உள்தாள், செட்டியார் தெருவில் நகை சுற்றித் தரும் ரோஸ் நிற மெல்லிய தாள், சேலைப் பெட்டிக்குள் இருக்கும் மட்டை. ரயிலின் மட்டை டிக்கெட் மிக அழகானது. ஆனால் நிலையத்தை விட்டு வெளியேறும்போது அதை வாங்கிவிடுவார்கள். அதனால் பயணத்தின்போதே அதைக் கொப்பியில் அதே அளவில் வரைந்துகொள்ளுங்கள். பெற முடியாத பொருளை வரைந்து வைப்பதும் சேகரிப்புத்தான்.

இந்தப் படியில் வழக்கமாக நடக்கும் தவறு, சுப்பர்மார்க்கெட் பில்லைச் சேர்ப்பது. அது வெப்பத்தால் எழுத்துத் தோன்றும் தாள். மை கிடையாது. சில மாதங்களில் வெளிறி வெற்றுத்தாளாகிவிடும். வேண்டுமென்றால் போட்டோகொப்பி எடுத்து அதைப் பாவியுங்கள்.

மழையில் நனைந்த கடதாசியை உறைக்குள் நேரே போடாதீர்கள். தென்மேற்குப் பருவமழை மாதங்களில் ஈரத்தாள் ஒன்று போதும், அந்த உறையில் உள்ள எல்லாமே பூஞ்சணம் பிடிக்கும். இரண்டு பழைய பத்திரிகைத் தாள்களுக்கு இடையில் வைத்து, மேலே பாரம் ஏற்றி, நன்றாகக் காய்ந்த பிறகு போடுங்கள்.

3. ஒன்றை மட்டும் எடுத்துப் பாருங்கள்

வார முடிவில் உறையைக் கொட்டுங்கள். யோசிக்காமல் கை எதை எடுக்கிறதோ அதை எடுங்கள். மற்றதையெல்லாம் திரும்ப உறைக்குள் போட்டு, கண்ணில் படாத இடத்தில் வையுங்கள். மேசையில் ஒரே ஒரு துண்டுதான் இருக்க வேண்டும்.

கால் மணி நேரம் அதைப் பாருங்கள். பார்க்கும்போது கண்ணுக்குத் தெரிகிற பத்து விடயங்களைக் கொப்பியில் எழுதுங்கள். அர்த்தம் எழுத வேண்டாம். "வறுமையைக் காட்டுகிறது" என்று எழுதாதீர்கள், "இடது மூலையில் எண்ணெய்க் கறை" என்று எழுதுங்கள். முதல் ஐந்தும் எவருக்கும் தெரிகிறவையாக இருக்கும். ஆறாவதிலிருந்துதான் நீங்கள் உண்மையாகவே பார்க்கத் தொடங்குகிறீர்கள். அதனால்தான் பத்து.

வகுப்புக்கு வந்த ஒரு பெண் காலிமுகத்திடலில் வாங்கிய கச்சான் சரையைப் பிரித்து வைத்து எழுதியதை இங்கே தருகிறேன். சதுரக்கோட்டுக் கொப்பித் தாள். நீல மையில் கூட்டல் கணக்குகள். மூன்று சரி, ஒரு பிழை. சரிக் குறிகள் சிவப்பு மையில், ஒவ்வொன்றின் வாலும் பக்கத்துக் கட்டத்துக்குள் நீண்டு போகிறது. பிழைக் குறி சிறியது, மெதுவாகப் போட்டது. தாளின் ஓரத்தில் கொப்பி தைத்த கம்பியின் இரண்டு துளைகள். உப்புத் துகள். கீழ் மூலையிலிருந்து விசிறி போலப் பரவும் மடிப்புக் கோடுகள். அந்தக் கோடுகள் கணக்குகளைக் குறுக்கே வெட்டிக்கொண்டு போகின்றன. பின்பக்கத்தில் எழுதி அழித்த தடம்.

பட்டியலின் கடைசியில் அவர் எழுதியது: "பிழை போட்ட கை ஏன் இவ்வளவு மெதுவாக எழுதியது?" அந்த இடத்தில் பட்டியலை நிறுத்தச் சொன்னேன். கேள்வி வந்துவிட்டது.

4. கேள்வியைச் சின்னதாக்குங்கள்

எல்லாப் படிகளிலும் இதற்குத்தான் அதிக நேரம் கொடுக்க வேண்டும். நல்ல ஆர்வம் பாழாய்ப் போவது பெரும்பாலும் இங்கேதான்.

ஒரு துண்டைப் பார்த்ததும் மனம் உடனே பெரிய சொல் ஒன்றைப் பிடிக்கப் பார்க்கும்: கல்வி, நினைவு, இடப்பெயர்வு, நகரம், பெண். அவை எல்லாம் மதிப்புள்ள விடயங்கள்தான். ஆனால் அவற்றில் தொடங்கினால் என்ன நடக்கும் என்று பலமுறை பார்த்திருக்கிறேன். "இடப்பெயர்வு" என்று எழுதியவர் உடனே பெட்டி, வீடு, பறவை, முட்கம்பி என்று படம் தேடப் போவார். அந்த நாலும் எல்லோருக்கும் தோன்றுபவை. தன்னிடம் மட்டும் இருக்கிற ஒன்றை அவர் தொடவே மாட்டார்.

ஆகவே உங்கள் கேள்வியை மூன்று வகையில் சோதியுங்கள். முதலாவது, அதை ஒரு மனிதரிடம் நேரில் கேட்க முடியுமா? "நகரம் என்றால் என்ன?" என்று கச்சான் விற்பவரிடம் கேட்க முடியாது. "இந்தத் தாள் உங்களுக்கு எங்கேயிருந்து வருகிறது?" என்று கேட்கலாம். இரண்டாவது, ஒரு பின்னேரத்துக்குள் போய்ப் பார்த்துவிட்டு வர முடியுமா? முடியாதென்றால் கேள்வி இன்னும் பெரிதாக இருக்கிறது, வெட்டுங்கள். மூன்றாவது, பதில் உங்களுக்கு உண்மையிலேயே தெரியாதா? தெரிந்த பதிலுக்குப் போட்ட கேள்வியோடு நடந்தால், நினைத்ததை மட்டுமே பார்த்துவிட்டுத் திரும்புவீர்கள்.

லொத்தர் சீட்டை எடுத்த ஒருவர் முதலில் "அதிர்ஷ்டம் என்றால் என்ன?" என்று எழுதினார். நாங்கள் சேர்ந்து அதைச் சுருக்கினோம். "மக்கள் எந்த இலக்கத்தை விரும்பி வாங்குகிறார்கள்?" இன்னும் சுருக்கினோம். "பம்பலப்பிட்டிச் சந்தியில் லொத்தர் விற்பவரிடம் கடைசிவரை விற்காமல் மிஞ்சுகிற சீட்டு எப்படியிருக்கும்?" இதைக் கேட்டதும் அவருக்கு அப்போதே எழுந்து போக வேண்டும் போலிருந்தது. கால் தானாக எழும்புகிறதா என்று பாருங்கள். எழும்பாவிட்டால் கேள்வியை இன்னொரு தடவை திருத்துங்கள்.

கேள்வியே வரவில்லை என்றால் துண்டை மாற்றாதீர்கள். பத்து விடயங்களின் பட்டியலுக்குத் திரும்பிப் போய், ஒவ்வொரு வரிக்கும் முன்னால் "யார்", "எப்போது", "எதால்" என்ற மூன்றையும் போட்டுப் பாருங்கள். "எண்ணெய்க் கறை" என்பது "எதால் வந்த எண்ணெய்?" ஆகும். "ஏன்" என்பதை மட்டும் கடைசிக்கு வையுங்கள். அது உங்களைக் கதிரையில் இருத்தி யோசிக்க வைக்கும். மற்ற மூன்றும் வெளியே அனுப்பும்.

5. கேள்வியோடு நடங்கள்

கொப்பி, பென்சில், ஓர் உறை, சில்லறைக் காசு. கமரா வேண்டாம், போன் பொக்கெட்டில் கிடக்கட்டும். போனை நீட்டியதும் கடைக்காரர் வாடிக்கையாளரிடம் பேசுவதுபோலப் பேசத் தொடங்கிவிடுவார். கொப்பியைக் கண்டால் சற்றுக் குனிந்து, என்ன எழுதுகிறீர்கள் என்று பார்ப்பார். அதன் பிறகு தானாகவே சொல்வார்.

முதலில் ஏதாவது வாங்குங்கள். பிறகு "அண்ணா, ஒரு விசயம் கேட்கலாமோ?" என்று தொடங்குங்கள். புறக்கோட்டையில் பாதிப் பேச்சு சிங்களத்தில்தான் நடக்கும். உங்களுக்குச் சிங்களம் சரளமாக வராவிட்டாலும் பரவாயில்லை, துண்டைக் கையில் எடுத்துக் காட்டுங்கள். பேச்சு அதிலிருந்தே தொடங்கும். காலை பத்து மணிக்கு மொத்த வியாபாரிகளிடம் போய் நின்று கேள்வி கேட்காதீர்கள். நாட்டாமைகள் மூட்டை இறக்கும் நேரம் அது, வழியில் நிற்பதே இடைஞ்சல். மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு போனால் கதைக்க நேரம் இருக்கும்.

சரையை எடுத்த பெண் காலிமுகத்திடலுக்கே திரும்பிப் போனார். கச்சான் விற்றவர் வயதானவர். "ஐயா, இந்தத் தாள் எங்கேயிருந்து வருது?" என்று கேட்டிருக்கிறார். "கிலோக் கணக்கில வாங்குறது, மகள். பழைய கொப்பிதான் நல்லது. பளபளத் தாள் வழுக்கும், சுத்தினா நிக்காது. வீட்டில மனிசிதான் சுத்துறவ" என்று பதில் வந்தது. பிறகு அவர் ஒரு தாளை எடுத்து, கீழ் மூலையைப் பெருவிரலால் பிடித்து, ஒரே சுழற்றில் சரையாக்கிக் காட்டியிருக்கிறார்.

பிழை போட்ட கை ஏன் மெதுவாக எழுதியது என்பதற்கு அங்கே பதில் கிடைக்கவில்லை. கிடைக்கவும் வேண்டியதில்லை. அதற்குப் பதிலாக இரண்டு விடயங்கள் கிடைத்தன. மடிப்புக் கோடுகள் ஏன் ஒரே மூலையிலிருந்து விரிகின்றன என்பது தெரிந்தது, அந்தப் பெருவிரல் பிடித்த இடம் அது. கொப்பித் தாள் தற்செயலாக வந்ததல்ல, சுற்றுகிறவர் கைக்குத் தோதானது என்பதால் தெரிவுசெய்யப்பட்டது என்பதும் தெரிந்தது. ஒரு தாளில் ஆசிரியர் கை, பிள்ளையின் கை, சரை சுற்றும் பெண்ணின் கை என்று மூன்று கைகள். வீட்டில் இருந்து எவ்வளவு யோசித்தாலும் இது வந்திருக்காது.

நடக்கும்போது தொழில் செய்பவர்களின் சொற்களை அப்படியே எழுதிக்கொள்ளுங்கள். "வழுக்கும், நிக்காது" என்பது ஒரு கொலாஜுக்குத் தலைப்பாகலாம், தாள் தெரிவுக்கு விதியாகவும் ஆகலாம்.

எங்கே நடக்கலாம் என்று கேட்பவர்களுக்கு: துணிக்கட்டு மட்டைகளுக்கும் லேபல்களுக்கும் கெய்சர் வீதி, மூலிகைப் பொட்டலங்களுக்கு கபோஸ் லேன், பழைய பாடப் புத்தகங்களுக்கும் தேசப்படங்களுக்கும் டி.ஆர். விஜேவர்தன மாவத்தையின் பழைய புத்தகக் கடை வரிசை, கோயில் அறிவித்தல்களுக்குக் கொட்டாஞ்சேனை. ஆனால் கேள்விதான் இடத்தைத் தெரிவுசெய்ய வேண்டும். கேள்வியில்லாமல் புறக்கோட்டைக்குப் போனால் இரண்டு பை நிறையக் கடதாசியோடும் வெறும் தலையோடும் திரும்புவீர்கள்.

துறைமுகப் பக்கமும் கோட்டையில் ஜனாதிபதி மாளிகையைச் சுற்றியும் படம் எடுக்க வேண்டாம். பாதுகாப்புப் படையினர் தடுக்கக்கூடும்.

6. நூலகமும் இணையமும் இதற்குப் பிறகுதான்

நடந்துவிட்டு வந்த பிறகு தேடினால் தேடல் குறுகலாக இருக்கும், கிடைப்பதும் பயன்படும். முன்னரே தேடினால் மற்றவர்கள் கண்டதே உங்கள் கண்ணாகிவிடும்.

2005 இல் தொடங்கிய நூலகம் என்ற இணையக் களஞ்சியத்தில் இலங்கையின் பழைய தமிழ்ச் சஞ்சிகைகள், பாடநூல்கள், விழா மலர்கள் ஸ்கான் செய்து கிடைக்கின்றன. பக்கத்தின் எழுத்துருவையும் விளம்பரங்களையும் பாருங்கள். அந்தக் காலத்துச் சவர்க்கார விளம்பரத்தில் உள்ள ஒரு கையெழுத்துப் போன்ற வளைவு, உங்கள் துண்டில் உள்ள வளைவுக்கு உறவாக இருக்கலாம். நேரில் போக விரும்பினால் கொழும்புப் பொது நூலகமும் கொழும்புத் தமிழ்ச் சங்க நூலகமும் இருக்கின்றன.

இங்கிருந்து படங்களை அச்செடுக்கும்போது கடையில் லேசர் பிரின்ட் கேளுங்கள். வீட்டிலுள்ள இங்க்ஜெட் அச்சு பசையின் ஈரத்தில் கரைந்து பரவும். லேசரில் இருப்பது உருக்கி ஒட்டிய தூள், ஈரத்துக்கு அசையாது.

7. எதை வெட்டக் கூடாது

ஒட்டத் தொடங்குமுன் இதைத் தீர்த்துவிடுங்கள். ஒட்டிய பிறகு எடுக்க முடியாது.

பிள்ளையின் பெயர், பாடசாலை, தொலைபேசி இலக்கம், நோயாளியின் பெயர் இருக்கும் பகுதியை முதலிலேயே வெட்டி நீக்குங்கள். அந்த மனிதர் உங்கள் படத்துக்குள் வர ஒப்புக்கொள்ளவில்லை. கண்ணீர் அஞ்சலிப் பிரசுரங்களில் உள்ள முகங்களை நான் தொடுவதில்லை, வகுப்பிலும் அனுமதிப்பதில்லை. அந்தக் குடும்பம் அடுத்த ஒழுங்கையில் இருக்கலாம்.

நாணயத்தாளை வெட்டுவதும் சிதைப்பதும் இலங்கையில் சட்டப்படி குற்றம். சாமிப் படமுள்ள நாட்காட்டி, வெசாக் வாழ்த்து மட்டை போன்றவற்றைக் கத்தரிக்குமுன் இரண்டு முறை யோசியுங்கள். நீங்கள் பக்தியோடு செய்ததாகவே இருந்தாலும் பார்ப்பவர் அப்படிப் பார்க்க வேண்டும் என்றில்லை.

பிறர் வரைந்த அல்லது எடுத்த படத்தைப் பாவித்து விற்க நினைத்தால், 2003 ஆம் ஆண்டின் 36 ஆம் இலக்க புலமைச் சொத்துச் சட்டத்தை நினைவில் வையுங்கள். பொதுவாக ஆக்கியவரின் வாழ்நாளும் அதற்குப் பின் 70 ஆண்டுகளும் பதிப்புரிமை இருக்கும். பழகுவதற்குக் கவலையில்லை. கண்காட்சிக்கும் விற்பனைக்கும் போகும் படத்தில் அனுமதி கேளுங்கள், அல்லது உங்கள் சொந்தக் கடதாசியையே பாவியுங்கள்.

8. ஒட்டாமல் அடுக்குங்கள்

இப்போது உறையைத் திரும்ப எடுக்கலாம். நடையில் கிடைத்தவற்றையும் சேர்த்து மேசையில் பரப்புங்கள். உள்ளடக்கத்தைப் பார்த்துப் பிரிக்காதீர்கள். "முகங்கள் ஒரு பக்கம், எழுத்துகள் ஒரு பக்கம்" என்று பிரித்தால் படமும் அப்படியே விறைத்து வரும். கோட்டின் திசை, தாளின் தடிப்பு, நிறத்தின் அழுத்தம் ஆகியவற்றால் பிரியுங்கள். ஒரு பஸ் டிக்கெட்டும் ஒரு குளிசை உறையும் பக்கத்தில் வந்து நிற்க இதுதான் வழி.

மின்விசிறியை நிறுத்திவிட்டு உட்காருங்கள். அல்லது ஒவ்வொரு துண்டின் மேலும் ஒரு நாணயம் வையுங்கள். கொழும்பு வெயிலில் விசிறியை நிறுத்துவது கஷ்டம்தான், ஆனால் ஒரு மணி நேர அடுக்கு ஒரு காற்றில் போவது அதைவிடக் கஷ்டம்.

முதல் அடுக்கில் ஐந்து துண்டுகளுக்கு மேல் வேண்டாம். புதியவர்கள் வெற்றிடத்தைக் கண்டு பயந்து மூலை மூலையாக நிரப்புகிறார்கள். சேர்த்த எல்லாவற்றையும் காட்டிவிட வேண்டும் என்ற ஆசை அது. உங்கள் கேள்வியைத் தாங்கும் துண்டு எதுவோ, அதற்கு மூச்சுவிட இடம் வேண்டும்.

அடுக்கியதைப் போனில் ஒரு படம் எடுங்கள், கலைத்துவிடுங்கள், திரும்ப அடுக்குங்கள். குறைந்தது மூன்று அடுக்குகள். பிறகு மூன்று படங்களையும் தலைகீழாகத் திருப்பிப் பாருங்கள். தலைகீழாக இருக்கும்போது எழுத்தை வாசிக்க முடியாது, முகத்தை அடையாளம் காண முடியாது. பாரம் எந்தப் பக்கம் சாய்கிறது என்பது மட்டும் தெரியும்.

தமிழ் எழுத்துகளை அலங்காரத்துக்காகத் தூவுவது இப்போது அதிகம் காணும் தவறு. உங்கள் படத்தைப் பார்ப்பவர்கள் தமிழ் வாசிப்பவர்கள். ஒரு "ழ" வை ஓரத்தில் ஒட்டினால் அவர்கள் கண் முதலில் அங்கேதான் போகும், வாசிக்கத் தொடங்கும், எதுவும் கிடைக்காமல் திரும்பும். எழுத்து வேண்டுமென்றால் சொல்லாகவே வரட்டும். வடிவம் மட்டும் வேண்டுமென்றால் வாசிக்க முடியாதபடி குறுக்கே வெட்டுங்கள்.

சரை எடுத்தவர் என்ன செய்தார்? அன்று வாங்கி வந்த சரைகளையும் பிரித்து, கணக்குகள் எல்லாவற்றையும் விட்டுவிட்டு, சிவப்புக் குறிகளை மட்டும் கட்டத்தோடு வெட்டி எடுத்தார். ஒரு முழுத்தாளை மடிப்புக் கோடுகளோடு அடித்தளமாக வைத்து, அந்தக் கோடுகளின் மேல், பெருவிரல் பிடித்த மூலையிலிருந்து வெளியே விரியும்படி குறிகளை வரிசையாக்கினார். நடுவில் ஒரே ஒரு சிறிய பிழைக் குறி. அவர் எதையும் புதிதாகக் கண்டுபிடித்து வைக்கவில்லை. அமைப்பு முழுவதும் சரையிலேயே இருந்தது, நடந்துபோய்க் கேட்டதால் கண்ணுக்குத் தெரிந்தது.

9. ஒட்டுதல்

கொழும்பின் ஈரக் காற்றில் கடதாசி எப்போதும் சற்று ஊறியே இருக்கும். அதனால் இங்கே ஒட்டும் முறை முக்கியம்.

முதலில் தாளின் இழை ஓடும் திசையைக் கண்டுபிடியுங்கள். ஒரு சிறு துண்டின் ஒரு பக்கத்தை நனைத்தால் அது சுருளும், சுருளின் அச்சு எந்தத் திசையோ அதுவே இழையின் திசை. ஈரம் பட்டால் தாள் இழைக்குக் குறுக்காகத்தான் விரியும். பெரிய துண்டுகளின் இழையும் அடித்தளத்தின் இழையும் ஒரே பக்கமாக இருந்தால் சுருக்கம் வெகுவாகக் குறையும்.

பைண்டர் கம்மைத் தடித்த தாளுக்குச் சற்றுத் தண்ணீர் கலந்து பூசலாம். மெல்லிய தாளுக்குத் தண்ணீர் கலக்காதீர்கள், வேண்டுமென்றால் பசைக் குச்சியைப் பாவியுங்கள். நகைக்கடை ரோஸ் தாள் போன்றவற்றின் சாயம் ஈரத்தில் இறங்கக்கூடும். ஓரத்தில் ஒரு துளி தண்ணீர் வைத்துச் சோதித்துவிட்டு முடிவெடுங்கள். பசையை நடுவிலிருந்து ஓரத்துக்குத் தள்ளிப் பூசுங்கள். ஒட்டிய பின் மேலே ஒயில் பேப்பரை வைத்து, அதன் மேல் கையால் தேயுங்கள். கை நேரே பட்டால் மெல்லிய தாள் கிழியும்.

கோதுமை மாப் பசை மலிவு, நன்றாக ஒட்டும், வெசாக் கூடு கட்ட அதைத்தான் பலர் காய்ச்சுவார்கள். சில நாள் தொங்கும் கூட்டுக்கு அது போதும். ஆண்டுக்கணக்கில் வைக்கும் படத்துக்கு வேண்டாம். மாவுக்கு இராமபாணப் பூச்சியும் கரப்பானும் வரும், மழைக்காலத்தில் பூஞ்சணமும் வரும்.

முன்பக்கம் ஒட்டி முடிந்ததும் அடித்தளத்தின் பின்பக்கத்தில் அதே அளவு தாள் ஒன்றை முழுமையாக ஒட்டுங்கள். முன்பக்கம் காயும்போது மட்டையை ஒரு பக்கமாக இழுக்கும், பின்பக்கத் தாள் மறுபக்கம் இழுத்துச் சமன் செய்யும். பிறகு ஒயில் பேப்பருக்கு இடையில் வைத்து, பாரம் ஏற்றி, ஒரு முழு நாள் விடுங்கள். வெயிலில் காயவைக்காதீர்கள். வேகமாகக் காய்ந்தால் வளையும்.

பத்திரிகைத் தாளைப் பாவித்திருந்தால் அது மஞ்சளாகும். மரக்கூழில் உள்ள லிக்னின் என்ற பொருள் ஒளியிலும் காற்றிலும் நிறம் மாறுவதால் வருவது அது. அந்த மஞ்சளை விரும்பினால் விடுங்கள், விரும்பாவிட்டால் நல்ல தாளில் லேசர் பிரதி எடுத்து ஒட்டுங்கள்.

10. மிஞ்சிய துண்டுகளை எறியாதீர்கள்

வெட்டி ஒதுக்கியவற்றைப் புதிய உறையில் போட்டு, மேலே இந்தப் படத்தின் கேள்வியையும், நடையில் பதில் கிடைக்காமல் விட்டதையும் எழுதுங்கள். பெரும்பாலும் அடுத்த கேள்வி இந்த விடுபட்டதிலிருந்து வரும். சரை எடுத்தவரின் உறையில் கணக்குகள் எல்லாம் மிஞ்சின. அவர் அதன் மேல் எழுதியது: "பழைய கொப்பிகளைக் கிலோவுக்கு விற்பவர் யார்? அவரிடம் வருமுன் அவை எந்த வீட்டில் இருந்தன?" இப்போது போத்தல், பழைய பேப்பர் வாங்க வீட்டுக்கு வரும் மனிதரோடு கதைத்துக்கொண்டிருக்கிறார்.

இடையில் ஆர்வம் வற்றிப்போனால் கண்காட்சி பார்க்கப் போவதை நான் முதலில் சொல்வதில்லை. கையில் கேள்வி இல்லாமல் நல்ல படங்களைப் பார்த்தால் அவற்றைப் போலச் செய்யத்தான் தோன்றும். ஒரு கேள்வி உயிரோடு இருக்கும்போது போங்கள். கொழும்பின் நவீன, சமகாலக் கலை அருங்காட்சியகத்தில் விளக்கங்கள் தமிழிலும் இருக்கும். ஆண்டுத் தொடக்கத்தில், 1993 முதல் நடந்துவரும் கலா பொல என்ற ஓவியச் சந்தையில் ஓவியர்கள் தெருவோரத்தில் தங்கள் படங்களோடு நிற்பார்கள். அவர்களிடம் "எப்படிச் செய்தீர்கள்?" என்று கேட்பதைவிட "இதை எங்கேயிருந்து எடுத்தீர்கள்?" என்று கேளுங்கள். படத்தில் உள்ள ஒரு குறிப்பிட்ட துண்டை விரலால் காட்டிக் கேட்டால் பதில் நீளமாக வரும்.

வகுப்புக்கு வருகிறவர்களிடம் முதல் நாளே நான் கேட்டுக்கொள்வது, ஒரே கேள்வியில் மூன்று படங்களாவது செய்யச் சொல்லி. முதல் படம் நடையில் கண்டதைச் சொல்லும். இரண்டாவதில் தாள் தீர்ந்துபோய், வேறு தாள் தேட வேண்டி வரும். மூன்றாவதில் பலருக்குக் கேள்வியே மாறிவிடுகிறது. மாறினால் புதிய உறை ஒன்றை எடுத்து, திகதியைப் போட்டு, மூன்றாம் படியிலிருந்து தொடருங்கள்.